மரம் நட்டதற்கு எதற்கு அமைதிக்கான நோபல் பரிசு? வங்காரி மாத்தாயின் கதை

கேள்வி இதுதான்: “கென்யாவைச் சேர்ந்த வங்காரி மாத்தாய்க்கு 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். மரம் நட்டவர் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. மரம் நடுவதற்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம்? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?”

நியாயமான சந்தேகம். பரிசு அறிவிக்கப்பட்ட அன்றைக்கு நார்வேயிலேயே ஒரு கட்சித் தலைவர் இதைக் கேட்டார். உலகம் முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது சுற்றுச்சூழல்காரருக்கு ஏன் இந்தப் பரிசு என்றார். நோபல் குழு சொன்ன காரணம், நீடித்த வளர்ச்சிக்கும் ஜனநாயகத்துக்கும் அமைதிக்கும் அவர் ஆற்றிய பங்கு. ஊடகங்களில் மரம் மட்டும் தங்கிவிட்டது, மற்ற இரண்டும் உதிர்ந்துவிட்டன. என் பார்வையில் வங்காரியின் வாழ்க்கையில் மரம் ஒரு தொடக்கம். இந்த நிலம் யாருடையது, அதை யார் பங்கு போடுகிறார்கள், தட்டிக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் கேட்கத் துணிந்தது அந்த மரக்கன்று வழியாகத்தான். அதிகாரத்தில் இருந்தவர்கள் பயந்ததும் அந்தக் கேள்விக்குத்தான்.

வங்காரி 1940 ஏப்ரல் 1-ம் தேதி, கென்யாவின் நடு மலைநாட்டில் நையேரி பக்கம் இஹிதே என்ற கிராமத்தில் பிறந்தார். கிகுயு இனம், விவசாயக் குடும்பம். அப்போது கென்யா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நல்ல நிலமெல்லாம் வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கையில். அப்பா நகுரு அருகே அப்படி ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். குடும்பமும் சில வருடம் அங்கே இருந்தது, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக அம்மாவோடு இஹிதேக்குத் திரும்பியது. பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அதிகம் இல்லாத காலம். “வங்காரி மட்டும் ஏன் பள்ளிக்கு வரவில்லை?” என்று அண்ணன் கேட்டார். அம்மா யோசித்தார், சேர்த்துவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு வீட்டில் ஒரு பையன் கேட்ட கேள்வி என்னவெல்லாம் செய்துவிடுகிறது பாருங்கள்.

அந்த ஊர் நினைவுகளில் அவர் கடைசி வரை பேசியது ஒரு ஓடையைப் பற்றி. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அத்திமரம். அதற்கருகே நிலத்திலிருந்து ஊறி வரும் ஓடை. அம்மா தண்ணீர் எடுத்துவர அனுப்புவார். ஓடையோரம் சேம்பு இலைகளுக்கு நடுவே தவளை முட்டைகள் சரம் சரமாக மிதக்கும். பாசிமணி என்று நினைத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விரலை அடியில் கொடுத்துத் தூக்கப் பார்ப்பாராம், தொட்டதும் அறுந்துவிடும். சில நாள் கழித்துப் போனால் முட்டைகளைக் காணோம், தண்ணீர் முழுக்கத் தலைப்பிரட்டைகள். அந்த அத்திமரத்திலிருந்து ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு, அது கடவுளின் மரம். பிற்காலத்தில் வங்காரி ஊருக்குப் போனபோது மரம் இல்லை. நிலத்தை வாங்கியவர் இடத்தை அடைக்கிறது என்று வெட்டிவிட்டுத் தேயிலை போட்டிருந்தார். ஓடை வற்றிப் போயிருந்தது. ஆழ இறங்கும் அத்தி வேர் பாறையைப் பிளந்து நிலத்தடி நீருக்கு வழி விடுகிறது, மண்ணையும் பிடித்து வைக்கிறது என்று உயிரியல் படித்த பிறகு அவருக்குப் புரிந்தது. ‘கடவுளின் மரம், தொடாதே’ என்ற விதி ஊரின் நீர்ப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது.

பள்ளிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நையேரியில் கத்தோலிக்க மிஷன் விடுதிப் பள்ளி, அப்புறம் லிமுருவில் லொரெட்டோ பெண்கள் உயர்நிலைப் பள்ளி. மிஷன் பள்ளியில் தாய்மொழியில் பேசி மாட்டிக்கொண்டால் வெட்கப்படுத்தும் பட்டை ஒன்றைக் குத்திக்கொண்டு திரிய வேண்டும். இன்னொருத்தர் மாட்டும்வரை அது உங்களிடம்தான். இங்கிலீஷ் வந்தது, ஆனால் தன் மொழியும் தன் ஊர் வழக்கமும் கேவலம் என்ற எண்ணமும் கூடவே வந்தது என்று பின்னாளில் எழுதினார்.

1960-ல் அதிர்ஷ்டம் அடித்தது. கென்ய மாணவர்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. ‘கென்னடி விமானப் பயணம்’ என்று பெயர் பெற்றது. அதில் இடம் கிடைத்து கான்சஸ் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் உயிரியல் படித்தார், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். 1966-ல் ஊர் திரும்பும்போது கையில் வேலைக்கான கடிதம் இருந்தது, நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் விலங்கியல் ஆய்வு உதவியாளர் பணி. போய்ப் பார்த்தால் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தான் பெண் என்பதும், அந்தப் பேராசிரியரின் இனத்தைச் சேராதவர் என்பதும்தான் காரணம் என்று அவர் நம்பினார். கால்நடை உடற்கூறியல் துறையில் ஒரு ஜெர்மன் பேராசிரியர் இடம் கொடுத்தார். அங்கேதான் 1971-ல் டாக்டர் பட்டம். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1976-ல் துறைத் தலைவர், அடுத்த வருடம் இணைப் பேராசிரியர். அந்தப் பகுதியில் இந்த இரண்டு பதவிகளுக்கும் வந்த முதல் பெண்ணும் அவரே. பெண் ஆசிரியர்களுக்கு வீட்டுப்படி, மருத்துவச் சலுகை எல்லாம் ஆண்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கவில்லை, ‘உனக்குத்தான் புருஷன் இருக்கிறானே’ என்ற தர்க்கம். அதை எதிர்த்தும் சண்டை போட்டார்.

இனிமேல்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய ஆராய்ச்சி மாட்டு உண்ணி பற்றியது. கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று ஒரு நோய், உண்ணி வழியாக மாடுகளுக்குப் பரவும், வெளிநாட்டுக் கலப்பு மாடுகளைக் கொன்றுவிடும். நைரோபியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் மாடுகளின் காதிலிருந்து உண்ணி சேகரிப்பார். குனிந்து உண்ணி எடுத்தவரின் கண் நிமிர்ந்தபோது வேறு ஒன்றைப் பார்த்தது. மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன, புல் இல்லை. மழை பெய்தால் ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கிராமத்துப் பெண்களும் வாடிப் போயிருக்கிறார்கள். மாட்டுக்கு ஆபத்து உண்ணியைவிட நிலம் கெட்டுப்போனதால்தான் அதிகம் என்று அவருக்குத் தோன்றியது.

அதே காலத்தில் கென்யப் பெண்கள் தேசியக் கவுன்சிலில் அவர் உறுப்பினர். கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து குறை சொல்வார்கள். விறகு இல்லை, சுத்தமான தண்ணீர் இல்லை, சத்தான சாப்பாடு இல்லை, கையில் காசு இல்லை. நாட்டிலேயே வளமான மத்திய மாகாணத்தில் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைவு நோய் வருகிறது என்று ஒரு கருத்தரங்கில் கேட்டபோது அவருக்கு அதிர்ச்சி. தான் வளர்ந்த பகுதி அது. எப்படி வந்தது? காப்பியும் தேயிலையும் காசு தருகின்றன என்று சாப்பாட்டுப் பயிர் இருந்த நிலத்தில் அவற்றைப் போட்டார்கள். மரம் போனது, விறகுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியதாயிற்று. விறகு குறைந்தால் நெடுநேரம் வேகவேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பில் ஏறாது. ரொட்டி, மக்காச்சோள மாவு, டீ என்று சீக்கிரம் ஆகிற பண்டத்துக்குப் பெண்கள் மாறினார்கள். பிள்ளை மெலிந்தது. காலனி அரசு இயற்கைக் காட்டை அழித்து பைன், யூகலிப்டஸ் தோட்டம் போட்டதில் தொடங்கிய சங்கிலி, கடைசியில் ஒரு குழந்தையின் தட்டில் வந்து முடிகிறது. இதை முழுசாகப் பார்த்த பிறகு அவர் சொன்ன பதில் நம்ப முடியாத அளவுக்கு எளிமை: சரி, மரம் நடுவோம்.

முதல் முயற்சி தோற்றது. நகரத்தில் கன்று விற்று வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று சின்ன நிறுவனம் ஒன்று தொடங்கினார், பணமில்லாமல் அது நின்றுபோனது. பிறகு பெண்கள் கவுன்சில் வழியாக மறுபடி ஆரம்பித்தார். 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நைரோபியில் ஊர்வலமாகப் போய் கமுகுஞ்சி பூங்காவில் 7 கன்றுகள் நட்டார்கள். பசுமை வளைய இயக்கம் என்று பின்னால் உலகம் அறிந்தது அங்கே தொடங்கியது. குறைந்தது ஆயிரம் கன்றுகளை நீள வரிசையாக நட்டு நிலத்துக்கு ஒரு பச்சை வளையம் கட்டவேண்டும் என்பது திட்டம், பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

கிராமத்தில் அது நடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் வனத்துறையிடம் கன்று வாங்கினார்கள். ‘இவர்கள் எத்தனை நட்டுவிடப் போகிறார்கள்’ என்று இலவசமாகவே கொடுத்தார்கள். சீக்கிரமே பெண்கள் கேட்ட கன்றுகளைக் கொடுத்து மாளவில்லை, காசு கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியானால் நாமே நாற்றங்கால் போடுவோம் என்றார் வங்காரி. பெண்களுக்குச் சொல்லித்தர வனத்துறையினர் வந்தார்கள். வந்தவர்கள் நிலத்தின் சரிவு, வெயில் விழும் கோணம், பாத்தியின் ஆழம், அதற்கென்று தனிக் கருவிகள் என்று வகுப்பெடுத்தார்கள். பெண்கள் விழித்தார்கள். நீங்கள் காலம் காலமாக விதை போட்டு அறுத்தவர்கள்தானே, மர விதையும் விதைதான், உங்களுக்குத் தெரிந்தபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் வங்காரி. அவர்கள் செய்தார்கள். தங்கள் பக்கத்துக் காட்டில் விழுந்து கிடந்த விதையைப் பொறுக்கினார்கள். உடைந்த பானையிலும் பழைய தகர டப்பாவிலும் மண் போட்டு முளைக்க வைத்தார்கள், கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தார்கள். முளைத்து வருவதைப் பார்த்துப் பார்த்து எது எப்போது எழும்பும் என்று கற்றுக்கொண்டார்கள். டிப்ளோமா இல்லாத வனக்காரர்கள் என்று அவர்களைப் பெருமையோடு அழைத்தார் வங்காரி.

கூலி கன்றுக்கு 4 அமெரிக்க சென்ட். சில்லறைக் காசுதான். ஆனால் நட்டதற்குக் கொடுப்பதில்லை, நட்டுச் சில மாதம் கழித்து உயிரோடு இருக்கிற கன்றுக்குத்தான். மரம் நடும் விழாக்களில் ஆயிரம் குழி, ஆயிரம் புகைப்படம், அடுத்த கோடையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்ற சங்கடம் எல்லா நாட்டிலும் உண்டு. இந்த ஒரு நிபந்தனை அதைத் தவிர்த்தது. யாரையும் நம்பியிராமல் தன் கையால் சம்பாதித்த அந்தக் காசு பெண்களுக்குக் கொடுத்த தைரியம் தனி. 1981-ல் ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியிலிருந்து 1,22,700 டாலர் வந்தது, நார்வே வனச் சங்கமும் கைகொடுத்தது, இயக்கம் வேகம் பிடித்தது. இன்றுவரை கென்யாவில் நட்டது 5 கோடி மரங்களுக்கு மேல்.

இதற்கு நடுவில் அவருடைய சொந்த வாழ்க்கை சிதறிக்கொண்டிருந்தது. கணவர் நாடாளுமன்ற உறுப்பினர். மூன்று பிள்ளைகள். 1977-ல் பிரிந்தார்கள், 1979-ல் விவாகரத்து. வழக்கு பத்திரிகைகளில் நாறியது. தீர்ப்பைப் பற்றி ஒரு பேட்டியில் நீதிபதியை விமர்சித்தார் என்று நீதிமன்ற அவமதிப்புக்கு 6 மாதச் சிறை. மூன்றே நாளில் வெளியே வந்தார், ஆனாலும் உள்ளே போனது போனதுதான். தன் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று முன்னாள் கணவர் சொன்னபோது, நான் கடைச் சரக்கா பெயர்ச் சீட்டை மாற்றி மாற்றி ஒட்ட என்று கொதித்தவர், பெயரில் ஓர் எழுத்தை நீட்டி மத்தாய் என்பதை மாத்தாய் ஆக்கிக்கொண்டார். அந்தப் பெயர் இனி அவருடையது.

1980-ல் பெண்கள் கவுன்சிலின் தலைவரானார். அரசுக்கு அது பிடிக்கவில்லை. நாட்டின் பெரிய பெண்கள் அமைப்பு கவுன்சிலைவிட்டு விலகியது, பணமும் அதோடு போனது. 1982-ல் இடைத்தேர்தலில் நிற்க முடிவெடுத்தார். அதற்குப் பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்ய வேண்டும், செய்தார். வாக்காளர் பதிவில் கோளாறு என்று காரணம் சொல்லி மனுவைத் தள்ளினார்கள். அப்படியானால் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அன்றைக்கே போய்க் கேட்டார். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. நாற்பத்தொரு வயது, முனைவர் பட்டம், மூன்று பிள்ளைகள், வேலையில்லை. முழுநேரமும் மரத்துக்கு வந்தது இப்படித்தான். அவரை ஒழித்துக்கட்டியதாக நினைத்தவர்கள் செய்த உதவி என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

கன்று நடுவதோடு அவர் ஊர் ஊராகப் பயிற்சிக் கூட்டமும் நடத்தினார். அந்தக் கூட்டங்களைப் பற்றி அவர் நோபல் உரையிலேயே பேசியிருக்கிறார். முதலில் மக்களிடம் அவரவர் பிரச்சினைகளைச் சொல்லச் சொல்வார்கள். நீளமான பட்டியல் எழும். இவற்றுக்கு யார் காரணம் என்று கேட்டால் அத்தனை பேரும் அரசாங்கத்தைக் கை காட்டுவார்கள். அப்போது வங்காரி பேருந்துக் கதையைச் சொல்வார். ஊருக்குப் போக நினைத்த ஒருத்தர் வேறு பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கேயோ போய் இறங்கி, பசியோடு, காசில்லாமல், தெரியாத ஆட்களிடம் அடிபட்டு நிற்பார். ஏன் ஏறினீர்கள்? யாரிடமும் கேட்கவில்லை, யாரோ தவறாகச் சொன்னார், பலகையைப் படிக்கத் தெரியவில்லை, ஏறு என்று மிரட்டினார்கள். இப்படிக் கூட்டத்திலிருந்தே பதில்கள் வரும். அப்புறம் கேட்பார்: சரி, உங்கள் காட்டை வெட்டியது யார்? சரிவில் மண் அரிக்கும்படி உழுதது யார்? திருடுகிறவனுக்கு ஓட்டுப் போட்டது யார்? அரசின் குற்றத்தை அவர் ஒருபோதும் மன்னித்தவரில்லை. ஆனால் என் கையிலும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அடுத்தவரைக் கேள்வி கேட்க எழுந்திருப்பார் என்பது அவர் எண்ணம். ஒற்றைக் கட்சி ஆட்சியில், கூட்டம் கூடுவதற்கே அனுமதி வாங்கவேண்டிய நாட்டில், நாற்றங்கால் பேரைச் சொல்லி இந்தப் பாடம் நடந்தது.

1989-ல் நேருக்கு நேர் மோதல் வந்தது. நைரோபியின் நடுவே இருக்கும் பெரிய பொதுவெளி உஹுரு பூங்கா. ஞாயிற்றுக்கிழமை ஏழை எளியவர் பிள்ளை குட்டியோடு வந்து உட்காரும் இடம். அங்கே 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளும் கானு கட்சி திட்டமிட்டது. கட்சி அலுவலகம், பத்திரிகை அலுவலகம், கடைகள், கூடவே அதிபர் டேனியல் அரப் மோயின் பிரம்மாண்டமான சிலை. செலவு சுமார் 20 கோடி டாலர், பெரும்பகுதி வெளிநாட்டுக் கடன். பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லும் இதில் கூட்டாளி. வங்காரி கடிதம் எழுத ஆரம்பித்தார். பத்திரிகை நிர்வாகிக்கு, அதிபர் அலுவலகத்துக்கு, பிரிட்டிஷ் தூதருக்கு. லண்டன் ஹைட் பூங்காவிலோ நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலோ இப்படிக் கட்ட விடுவீர்களா என்று கேட்டார்.

பதிலுக்கு வந்தது வசவு. நாடாளுமன்றம் வழக்கமான அலுவலை நிறுத்திவிட்டு அவரைத் திட்டித் தீர்த்தது. அவருடைய இயக்கம் விவாகரத்தானவர்களின் கும்பலாம். ஆப்பிரிக்க மரபுப்படி பெண் ஆணை மதித்து அடக்கமாக இருக்கவேண்டும் என்றார் அதிபர், வங்காரியின் தலைக்குள் பூச்சி இருக்கிறது என்றும் சொன்னார். வங்காரி நீதிமன்றத்துக்குப் போனார், வழக்குத் தள்ளுபடியானது. அரசுக் கட்டடத்தில் இருந்த இயக்க அலுவலகத்தை 24 மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். எண்பது பேர் வேலை செய்த அலுவலகம் அவருடைய சின்ன வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. ஆனால் விஷயம் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது, கடன் கொடுப்பவர்கள் பின்வாங்கினார்கள். முதலில் மாடிகள் குறைந்தன, பிறகு திட்டமே போனது. 1992 பிப்ரவரியில் சுற்றி அடித்திருந்த வேலியைக் கழற்றினார்கள். ஒரு பெண் அதிபரை எதிர்த்து ஜெயித்துவிட்டார் என்பதைக் கென்யா முழுக்கப் பார்த்தது.

அந்த 1992-ம் வருடம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ராணுவத்திடம் ஆட்சியை ஒப்படைக்கும் திட்டம் இருப்பதாகவும், எதிர்க்கட்சியினரைக் கொல்லப் பட்டியல் இருப்பதாகவும் ஜனவரியில் தகவல் வந்தது. அதை வெளியில் சொன்னார். போலீஸ் வீட்டைச் சூழ்ந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்தார். ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே வந்து பிடித்துப் போனார்கள். ராஜதுரோகம் வரை குற்றச்சாட்டு. மூட்டுவலிக்காரரை ஈரத் தரையில் போட்டு வைத்ததில், நீதிமன்றத்துக்குத் தூக்குப் படுக்கையில்தான் கொண்டுவர முடிந்தது. ஜாமீன் கிடைத்தது, அந்த வருடக் கடைசியில் வழக்கையும் கைவிட்டார்கள்.

ஜாமீனில் வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. அரசியல் கைதிகளின் தாய்மார்கள், பலரும் வயதானவர்கள், உதவி கேட்டு வந்தார்கள். பிப்ரவரி 28-ம் தேதி அவர்களோடு உஹுரு பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சிறையில் பட்ட சித்திரவதையை வெளியில் சொல்ல இடமில்லாமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து பேச ஆரம்பித்தார்கள். அந்த மூலைக்குச் சுதந்திர முனை என்று பெயர் விழுந்தது. மார்ச் 3-ம் தேதி கண்ணீர்ப்புகை, தடியடி. வங்காரி அடிபட்டு மயங்கி விழுந்தார். அப்போது சில தாய்மார்கள் தங்கள் ஆடையைக் களைந்து போலீஸ்காரர்களுக்கு முன்னால் மார்பைக் காட்டி நின்றார்கள். தாய் வயதுள்ள பெண் ஓர் ஆணுக்கு முன் அப்படி நின்றால் அது அங்கே பெரும் சாபம். இளம் போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதன் பிறகு தாய்மார்கள் பக்கத்தில் இருந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துக்குள் போய் ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே இருந்தார்கள். 1993 தொடக்கத்தில் பிள்ளைகள் விடுதலையானார்கள்.

அமைதிக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் அதே காலத்தில் கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு (ரிஃப்ட் வேலி) பகுதியில் இருக்கிறது. பல கட்சித் தேர்தல் வந்தால் இனக்கலவரம் வரும் என்று ஆளுங்கட்சி சொல்லிக்கொண்டிருந்தது. 1991 கடைசியில் கலவரம் வந்தது. பல காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்த கலென்ஜின், கிகுயு, லுயா, லுவோ குடும்பங்கள் வெட்டிக்கொண்டன, வீடுகள் எரிந்தன. அரசியல்வாதிகளின் தூண்டுதல் இருந்தது என்று நாடாளுமன்றக் குழுவே பிறகு அறிக்கை கொடுத்தது. ஆனால் தூண்டினால் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று ஏற்கெனவே காய்ந்து கிடக்கவேண்டும் அல்லவா? அது நிலம். பயிர் வைக்க இடம், மேய்க்கப் புல், தண்ணீர், மூன்றும் குறைந்துகொண்டே வந்தன. இருக்கிறதைச் சிலர் வளைத்துக்கொண்டார்கள். மிச்சத்துக்கு ஏழைகள் அடித்துக்கொண்டார்கள். நிலத்தைக் கெடவிடுவது, பொது நிலத்தைக் களவாட விடுவது, எதிர்த்துப் பேசியவரை உள்ளே தள்ளுவது, கடைசியில் கலவரம். இவை நான்கும் ஒரே நோயின் கட்டங்கள் என்பது வங்காரியின் வாதம். போர் வந்த பிறகு சமாதானம் பேசுவதைவிட, சண்டைக்கான காரணத்தை மண்ணிலேயே குறைப்பது பெரிய சமாதான வேலை என்றார்.

பேச்சோடு நிற்காமல் அந்தப் பகுதிகளுக்கே போனார். அரசு தடை போட்டிருந்த இடங்களுக்கும் இரவோடு இரவாக, ஆள் அடையாளம் தெரியாமல் போனார். அடித்துக்கொண்ட சமூகங்களை நாற்றங்கால் போட வைத்து, ஒருவர் கன்றை மற்றவர் நடும்படி செய்தார். சமாதான மரங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கிகுயு மரபில் திகி என்ற மரத்தில் செய்த கோலைப் பெரியவர்கள் வைத்திருப்பார்கள். சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவே அதை வைத்தால் இருவரும் பின்வாங்கிப் பேச உட்கார வேண்டும். மரத்தை சமாதானத்துக்குக் கொண்டுவந்தது தான் கண்டுபிடித்தது அல்ல, எங்கள் கிழவர்கள் வைத்திருந்ததுதான் என்று நோபல் மேடையில் இந்தக் கோலைச் சொன்னார்.

அப்புறம் கருரா காடு. நைரோபியின் வடக்கு ஓரத்தில் சுமார் 1,000 ஹெக்டேர் காடு. 1998-ல் அதைத் துண்டு போட்டு வேண்டியவர்களுக்கு அரசு கொடுத்துக்கொண்டிருப்பது தெரியவந்தது. வங்காரியும் கூட்டாளிகளும் போய்ப் போய் அங்கே கன்று நட்டார்கள். 1999 ஜனவரி 8-ம் தேதி எதிர்க்கட்சி எம்.பி.க்கள், பத்திரிகையாளர்கள், வெளிநாட்டுப் பார்வையாளர்களோடு போனபோது வாசலில் கூலிக் காவலர்கள் காத்திருந்தார்கள். உள்ளே விடவில்லை. சரி, வாசலிலேயே ஒரு மரம் நடுகிறோம் என்று குழி தோண்டினார். சாட்டையும் கம்பும் அரிவாளுமாக விழுந்து அடித்தார்கள். வங்காரியின் மண்டை உடைந்தது. காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தவர், தலையிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். போலீஸ் யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அடியைப் படம் பிடித்தவர்கள் இருந்தார்கள். நைரோபி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அனானே கண்டித்தார். அதே வருடம் ஆகஸ்டில் பொது நிலத்தை ஒதுக்குவதையே நிறுத்துவதாக மோய் அறிவித்தார். இன்றைக்கு அந்தக் காட்டில் நைரோபிக்காரர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

2002 தேர்தலில் மோயின் காலம் முடிந்தது. டேட்டு தொகுதியில் நின்ற வங்காரிக்கு 98 சதவீத ஓட்டு. புதிய அரசில் சுற்றுச்சூழல் உதவி அமைச்சர் பதவி கொடுத்தார்கள். அவருக்கு முழு அமைச்சர் பதவி கொடுக்காதது அந்த அரசின் குறை என்று நினைக்கிறேன். 2004 அக்டோபர் 8-ம் தேதி நோபல் செய்தி வந்தபோது தொகுதிக்குப் போகும் வழியில் இருந்தார். நையேரியில் இறங்கி, கென்யா மலையைப் பார்த்தபடி ஒரு நந்தி ஃபிளேம் மரக்கன்றை நட்டுவிட்டுத்தான் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அமைதி நோபல் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர். 2006-க்கான இந்திரா காந்தி பரிசையும் இந்தியா அவருக்கு அளித்தது. அதே வருடம் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் தொடங்கிய நூறு கோடி மர இயக்கத்துக்கு அவரே முன்னோடி.

அவரைப் பற்றிய சர்ச்சையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. கிருமியை விஞ்ஞானிகள் வேண்டுமென்றே உருவாக்கியதாக அவர் பேசினார் என்று ஒரு கென்யப் பத்திரிகை எழுதியது, நோபல் சமயத்தில் அது பெரிதாக வெடித்தது. அப்படி நான் நம்பவுமில்லை, சொல்லவுமில்லை என்று எழுத்திலேயே மறுத்தார். ஆனாலும் அந்த மறுப்பு வருவதற்குக் காலம் ஆகிவிட்டது, இன்னும் தெளிவாகவும் சீக்கிரமும் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நோயும் வதந்தியும் சேர்ந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது.

2007 தேர்தலில் தோற்றார். உலகமே கொண்டாடியவரை உள்ளூர்க் கட்சி அரசியல் ஒதுக்கியது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு பிளவுப் பள்ளத்தாக்கில் மறுபடி கலவரம், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பழைய காயம் அதே இடத்தில், அதே நிலத் தகராறில் திறந்துகொண்டது. சமரசம் பேசும்படி இரு தரப்புத் தலைவர்களையும் அவர் வற்புறுத்தினார்.

2011 செப்டம்பர் 25-ம் தேதி சினைப்பைப் புற்றுநோயால் நைரோபியில் காலமானார், வயது 71. எனக்காக ஒரு மரத்தை வெட்டிப் பெட்டி செய்யாதீர்கள் என்று சொல்லியிருந்தார். மூங்கில், ஆகாயத்தாமரை, பாப்பிரஸ் கோரை கொண்டு பெட்டி பின்னினார்கள். அரசு மரியாதை நடந்தது, எங்கே தெரியுமா? போலீஸ் அவரை அடித்து வீழ்த்திய அதே உஹுரு பூங்காவில்.

மேற்கொண்டு படிக்க நினைத்தால் முதலில் அவருடைய நோபல் உரையைப் படியுங்கள். சிறியது, தவளை முட்டையும் பயிற்சிக் கூட்டமும் திகிக் கோலும் எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு 2006-ல் வந்த தன்வரலாறு. அதில் நாற்றங்கால் பற்றிய அத்தியாயங்களை அவசரப்படாமல் படியுங்கள். மரம் நடும் குழு எதிலாவது நீங்கள் இருந்தால், உயிரோடு இருக்கும் கன்றுக்குத்தான் காசு என்ற அந்த ஏற்பாட்டை உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.